சுவர் வராத இடம்

முகப்பேர் குளத்தில் பதினேழு கை போட்டால்
சுவர் வந்துவிடும்.
ஒரு குட்டிக்கரணம், ஒரு உதை,
சும்மா கிடைக்கும் ஆறு மீட்டர்.

வேளச்சேரியில் பதினெட்டாவது கைக்கு
உடம்பு தானாகச் சுருண்டது.
எதிரே வெறும் நீலம்.
தரையில் கறுப்புக் கோடு
இன்னும் அத்தனை தூரம் போய்க்கொண்டிருந்தது.

இருநூறு மீட்டருக்கு அங்கே ஏழு சுவர்,
இங்கே மூன்று.
மிச்ச நாலையும்
நெஞ்சிலிருந்துதான் எடுத்துக் கட்டவேண்டும்.
அடுத்த லேனில் ஷெரின்
சுவரே வேண்டாதவள் மாதிரி போனாள்.

ஆறு செகண்ட் கூடுதல்.
"இருபத்தஞ்சு மீட்டர் டைமிங் இங்க செல்லாதும்மா"
என்றார் மேஜைக்காரர்,
என் படிவத்தை மடித்தபடி.

குளோரின் வாடை போகாத தலையோடு பஸ்ஸில் உட்கார்ந்தேன்.
கிண்டி சிக்னலில்
கண் அசந்த நேரம் கால் உதைத்துவிட்டது.
முன்சீட்டுக்காரர்தான் திரும்பினார்.