உறவுமுறை

பெண்களுக்கு மேல்மாடியில் பாய்.
ஒலிபெருக்கி கரகரத்ததால்
கீழே பேசுவது யாரென்று
இருமலை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

இஷாவுக்குப் பிறகு தொடங்கிய பேச்சு.
திருவிதாங்கோட்டில் அன்றைக்கு
கரண்ட் இரண்டுமுறை போய்வந்தது.
வாசலில் கிடந்த அத்தனை செருப்பும்
ஒரு சொல்லுக்காக வந்தவை.

அவ்லியா.

வேற்று வேதக்காரர்களை
அதுவாக ஆக்கிக்கொள்ளாதே என்கிற இடம்.
அது என்றால் எது?

நண்பர், என்றார் அர்ஷத் மௌலவி.
இறங்கிய அன்றைக்கு என்ன பொருளோ
இன்றைக்கும் அதுதான் பொருள்,
காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று என்று மாற
இதென்ன மீன்விலையா?
கீழே சிரிப்பு.
எனக்கும் வந்தது. நன்றாகத்தான் பேசுகிறார்.

நூகு ஆலிம் இருமிவிட்டுத் தொடங்கினார்.
நண்பர்னு போடாதே, பாதுகாவலர்னு போடு.
ஊரச் சுத்தி வாள் நின்ன காலம் அது.
யாருக்க கோட்டையில போய் ஒதுங்குவேன்னு கேட்ட கேள்வி,
யாருக்க வீட்டுல சாயா குடிச்சேன்னு இல்ல.

சுலைகாள் என் விலாவில் இடித்தாள்:
"அவுலியான்னா நம்ம தர்காவுல கெடக்கவருல்லா பிள்ளே,
அவரையுமா வேண்டாங்கிறாவ?"
அதுக்கு வேறொரு நாள் கூட்டம் உண்டு என்றேன்.

மாடி முழுக்க ஆலிம் பக்கம் சாய்ந்தது.
சாயா குடிக்கலாம், கல்யாணத்துக்குப் போகலாம்,
ஆளுக்காள் மூச்சு விட்டார்கள்.
எனக்கு மட்டும்
அடிவயிற்றுத் தையல் இழுத்தது.

நண்பர் என்றபோது வலிக்கவில்லை.
பெர்க்மான்ஸ் என் நண்பர் ஒன்றும் இல்லை.
கிணற்றுச் சுவருக்காக இரண்டு வருடம்
பேசாமல் இருந்த அடுத்த வீடு.
அவர் வீட்டுக்காரி பெந்தெகொஸ்தே போனபின்
எங்கள் நேர்ச்சைச் சோறு
அவர்களுக்கு ஆகாது.

கரு குழாயில் தங்கி வெடித்த ராத்திரி
இவர் தமாமில், போன் அணைந்திருந்தது.
தம்பி பாலக்காட்டில்.
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிவரை
அந்த ஆட்டோவின் கூரைத் துணியில் இருந்த கிழிசல்
இப்போதும் நினைவிருக்கிறது. அதன்பின் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தால்
ரோஸ் நிறத் தாள்.
பாதுகாவலர் கையொப்பம்: ஜே. பெர்க்மான்ஸ்.
உறவுமுறை என்ற கோட்டில்
அண்ணன் என்று எழுதி, அடித்து,
அடுத்த வீடு.

துண்டுச் சீட்டில் இதை எழுதி
சுலைகாளின் பேரனிடம் கொடுத்தனுப்பினேன்.
பெயர் போடவில்லை.
உயிர் போகும் நேரத்தில் போட்ட கையெழுத்து
எந்தப் பொருளில் சேரும்?

அர்ஷத் மௌலவியே வாசித்தார்.
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்.
நிர்ப்பந்தம், என்றார் இறங்கிய குரலில்,
நிர்ப்பந்தத்துக்கு விலக்கு உண்டு சகோதரி.
ஆலிமும் அவசரமாக ஒத்துக்கொண்டார்:
அது வேற, இது வேற,
ஒண்ணும் பேடிக்காண்டாம் மக்கா.

அன்றிரவு இருவரும் சேர்ந்து சொன்னது அது ஒன்றுதான்.
நல்ல மனிதர்கள்.
நான் விலக்குக் கேட்கவில்லை.
பொருள் கேட்டேன்.

இன்னொரு சீட்டு எழுதப் பேனா திறந்தேன்.
துஆ தொடங்கிவிட்டது.
ஆமீன் சொன்னேன், எல்லோரோடும்,
மனதாரத்தான்.

வாசலில் செருப்பைத் தேடி எடுக்கப் பத்து நிமிடம்.
கடை ஓரமாக ஆட்டோ நின்றது.
"தீந்துதா?"
"ஒரு சொல்லு கூட தீரல்ல."
"எங்க ஆளுக்க பாஸ்டரு
ஒரே சொல்ல மூணு வாரம் ஓட்டுனாரு" என்றார்
கிக்கரை உதைத்தபடி.

அடித்த அந்த அண்ணனைப் பற்றிக் கேட்கலாமென்று
வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.
வீடு வந்துவிட்டது.
நாற்பது ரூபாய்.
தெருவிளக்கில் எண்ணிப் பார்த்து
வாங்கிக்கொண்டார்.