ஏழாவது கட்டம்

துறைமுகப் பதிவேட்டில் ஏழாவது கட்டம்
தேசம்.
ஆறாவது வயது. எட்டாவது அங்க அடையாளம்.
நடுவே இரண்டு விரற்கடை அகலம்.
அதற்குள் அடங்காத தேசம் எதையும்
ஆறு வருஷ உத்தியோகத்தில் நான் பார்த்ததில்லை.

ஆனிக் கடைசியில் வந்தான்.
ட்ரியெஸ்ட் கப்பலில் கரி அள்ளுகிறவன்,
கொதிகலன் வாயில் வலது கை வெந்தவன்.
கப்பல் கல்கத்தாவுக்குக் கிளம்பிவிட்டது.
இவன் பாதிச் சம்பளத்தோடு
ராயபுரம் மாலுமி விடுதியில்.

பேர்?
ஷிமே.
எனக்குச் சீமை என்று கேட்டது.
எங்கள் பேச்சில் சீமை கடலுக்கு அப்பால்.
பழைய பத்திரங்களில் சீமை
எல்லைக்கல்.

தேசம்?
ஹ்ர்வாத், என்றான்.
உயிர் ஒட்டாமல் தொடங்கும் சொல்லைத்
தமிழும் தாங்காது, என் வீட்டுத் தெலுங்கும் தாங்காது.
மறுபடி கேட்டேன்.
ஸ்லாவ், என்றான்.
அடுத்த மேஜை துரை அதை ஸ்லேவ் என்று கேட்டுக்கொண்டு
வயிறு குலுங்கச் சிரித்தார்.
"எந்த ராஜாவுக்கு வரி கட்டுகிறான்? அதை எழுது."
எழுதினேன், ஆஸ்திரியா.
இங்கிலீஷில் ஏழே எழுத்து.
கட்டத்தில் இடம் மிச்சமிருந்தது.

சாயங்காலங்களில்
கள்ளுக்கடைப் பலகையில் விரல் தொட்டு
இடக்கையால் எனக்கு உலகம் வரைந்தான்.
இது வியன்னா. இது ரஷ்யா. இது துருக்கி இருந்த இடம்.
"வியன்னா ராஜா எங்களைப் பிள்ளைகள் என்கிறான்.
ரஷ்ய ராஜா தம்பிகள் என்கிறான்.
பேர் சொல்லிக் கூப்பிட்டவன் ஒருவனுமில்லை."
செர்பியாக்காரன்?
"அண்ணன் என்கிறான்.
அவன் மட்டும்தான் எனக்குப் புரிகிற பாஷையில் சொல்கிறான்.
பயமே அங்கேதான்."

கள் காய்ந்தது.
துருக்கி முதலில் மறைந்தது.
மற்றதை மொய்க்க எறும்புகள் வந்தன.

உன் தேசம் எது, என்று கேட்டான்.
மெட்ராஸ் ராஜதானி, என்றேன்.
"அது ஆபீஸ் பேர்," என்றான்.

ஒரு விடியலில் காசிமேட்டுக் கரையில்
கரைவலை இழுப்பதைப் பார்த்து நின்றோம்.
வடக்கே ஒரு கூட்டம், தெற்கே ஒரு கூட்டம்,
ஆளுக்கொரு கயிறு,
ஏலேலோவில் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டு.
யார் ஜெயிப்பார்கள், என்றான்.
ஜெயிப்பதாவது! இரண்டு கூட்டத்துக்கும் வலை ஒன்றுதான்,
நெருங்க நெருங்க மடி இறுகும், என்றேன்.
மணலில் உட்கார்ந்துவிட்டான்.
வெகுநேரம் சிரித்தான். எனக்கு அது பிடிக்கவில்லை.

பிறகு தந்திகள்.
ஒரு இளவரசனைச் சுட்ட துப்பாக்கிச் சத்தம்
எங்கள் பாரிமுனைக்கு வர ஒரு மாசம் ஆனது.
வந்த பிறகு நிற்கவில்லை.
செர்பியா, ரஷ்யா, ஜெர்மனி, பிரான்சு,
சீட்டாட்டத்தில் போல ஒவ்வொருவராக இறங்கினார்கள்.
"ஊருக்குப் போனால்
என் பாஷையில் அழுகிறவனைச் சுடச் சொல்வார்கள்.
இங்கேயே இருக்கிறேன்," என்றான் ஷிமே.
கைப்புண் ஆறி இளந்தோல் ரோஜா நிறத்தில் இருந்தது.

ஆடி முடியுமுன்
வியன்னாவும் எங்களுக்கு எதிரி ஆனது.
சார்ஜெண்டு கக்கத்தில் பதிவேடு.
விரித்துக் காட்டினான்:
என் மை, என் சாய்வெழுத்து.
ஷிமே அதைப் பார்த்தான், பிறகு என்னை,
பிறகு அந்த மிச்ச இடத்தை.
ஒரு சொல் கொள்ளும்.
எழுதியிருக்கலாம்.

புரட்டாசியில் ஓர் இரவு
எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன.
வண்ணாரப்பேட்டையே மூட்டை முடிச்சோடு
மேற்கே நடந்தது.
"கடல்லேர்ந்து குண்டு போட்டவன் யாருடா?
அவன் குடியை நாம என்னடா கெடுத்தோம்?"
மீன்கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே
காளத்தியம்மா கேட்டாள்.
பதில் எனக்குத் தெரியும்.
சொன்னால் அவளுக்குச் சிரிப்பு வரும்,
இரண்டு விரற்கடை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன்.
அவனைக் கொண்டுபோன அன்று
சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன்,
அதே பக்கத்தில், அவன் வரிக்குக் கீழே.
பேர் குருவப்பா. வயது இருபத்தொன்பது.
தேசம்?
பேனா நின்றது.
துரை எட்டிப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை.
பிரிட்டிஷ் பிரஜை, என்று எழுதினேன்.
இடம் போதவில்லை.
கடைசி எழுத்துகள் கோட்டைத் தாண்டி
எட்டாவது கட்டத்தில் விழுந்தன,
அங்க அடையாளத்தின் மேல்.