நீலம் தெரியும் இடம்

ஏழாம் கிணறு.
கடலின் தரைக்கும் கீழே இரண்டாயிரத்து நானூறு மீட்டரில்
வெட்டியெடுத்த கல்,
முட்டத்தில், என் வாடகை மாடியில்,
பழைய தினசரித் தாளின்மேல்
தோலுரித்த மரச்சீனித் துண்டுபோலக் கிடக்கிறது.

அமிலம் ஒரு சொட்டு விட்டேன்.
சீறியது.
சுண்ணாம்புதான். டோலமைட்டுக்கு
இவ்வளவு கோபம் வராது.

ஆழத்தில் பிறந்ததில்லை இது.
வெயில் எட்டுகிற மேட்டில்
சிப்பியும் பாசியும் பவளமுமாய் இருந்து,
ஒரு நாள் விளிம்பு இடிந்து,
கலங்கலாக இருட்டுக்குள் இறங்கியது.
கனத்தது முதலில் படிந்தது, பொடி கடைசியில்.
விரலால் தடவினால்
அந்த ஒரு பிற்பகல்
கீழிருந்து மேலாகச் சொரசொரப்புக் குறைந்து முடிகிறது.
அதன்மேல் நகக்கனத்துக்கு வெள்ளை:
கண்ணுக்கு அகப்படாத ஓடுகள்,
ஆயிரம் வருடத்துக்கு ஒரு விரற்கடை என்று
அவசரமில்லாமல் பெய்தவை.
பிறகு இன்னொரு சரிவு.

நீலப் பசை செலுத்தி
வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்த்த சில்லை
நுண்ணோக்கியில் வைத்திருந்தேன்.
வாடகைக்கு வந்த பெர்பெத்தா
ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.
"நல்ல டிசைனு. நைட்டிக்கு எடுக்கலாம்.
இந்த நீலந்தான் எண்ணெயா பிள்ளே?"
இல்லை, நீலம் நான் ஊற்றியது.
நீலம் தெரிகிற இடத்தில் கல் இல்லை என்று அர்த்தம்.
"ஒண்ணுமில்லாத எடத்தப் பாக்கவா ஒனக்கு சம்பளம்?"
ஆமாம்.
"எனக்க மாப்பிள தூண்டி போடுத எடத்துல
கப்பல் வந்து நிக்குமா?"
என் அறிக்கையில் அதற்குப் பத்தி இல்லை.
ரூபாயை இரண்டு முறை எண்ணிவிட்டு இறங்கினாள்.

நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கு வெற்றிடம்.
தொலைபேசியில் சொன்னால்
சென்னையில் யாராவது இனிப்பு வாங்கியிருப்பார்கள்.
ஆனால் அறைக்கு அறை கதவில்லை.
ஒரு தெரு நிறைய வீடுகள்,
எல்லா வீட்டிலும் ஆள்,
ஒருவரோடு ஒருவர் பேச்சுவார்த்தை இல்லை.
வாயுவை அழுத்திப் பார்த்தேன், அது
அடுத்த பக்கம் வருவதற்குள் தேநீர் ஆறிவிட்டது.
0.3 மில்லிடார்சி.

எட்டரைக்கு மின்சாரம் போனது.
பேட்டரியில் எரியும் புற ஊதா விளக்கைக்
கல்லின் முறிந்த முகத்துக்கு நேரே பிடித்தேன்.
மஞ்சள்.
மங்கல்தான், ஆனாலும் மஞ்சள்,
நான்கைந்து புள்ளிகளில்.
இருக்கிறது, அல்லது இருந்து போயிருக்கிறது.
எந்த வழியாக வந்தது என்று கல் சொல்லவில்லை.
கலங்கரை விளக்கு ஒரு சுற்று வந்து
சுவரைத் துடைத்துவிட்டுப் போனது.

ஒரு வெடிப்பு போதும்.
மயிரிழைபோல ஒன்று ஓடினால்
தெரு முழுக்கப் பேச ஆரம்பித்துவிடும்.
அதே வெடிப்பு மேலே மூடிவரை ஏறினால்
எல்லாம் என்றோ கசிந்து தீர்ந்திருக்கும்.
நான் சோதித்த உருளை ஒன்றரை அங்குலம்.
வெடிப்பு இரண்டடி தள்ளிப் போயிருந்தால்
எனக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

படிவத்தில் மூன்று கட்டம்:
தேக்கப்பாறை, தேக்கப்பாறை அல்ல, மேலும் ஆய்வு தேவை.
மூன்றாவதைக் கோழைகளுக்கென்று வைத்திருக்கிறார்கள்
என்று பயிற்சியில் சிரித்திருக்கிறோம்.

0.3.
புள்ளி ஓரிடம் வலப்பக்கம் தள்ளினால் ஆய்வுக் கப்பல் வரும்,
இரண்டிடம் தள்ளினால் மேடையே வரும்.
மெழுகுவர்த்தியைப் பக்கத்தில் இழுத்து
புள்ளியை இன்னொரு முறை அழுத்தி வைத்தேன்,
தாளின் மறுபக்கம் தெரியும்படி.

கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை.
கீழே பெர்பெத்தா யாரிடமோ போனில் சொல்கிறாள்:
"மேல இருக்குற புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதாம்.
நேரா சொல்லுது. நல்ல புள்ள."