பல்லில் கடித்த ஈயம்

பகலில் கிடின்யா துறைமுகத்தில்
நாற்பது டன் பெட்டிகளைப் பிடித்துத் தூக்குகிறேன்.
இரவில், சமையல் மேசையில்,
டிராலிபஸ் டிக்கெட் அளவுள்ள ஒரு சர்க்யூட் போர்டு
எனக்குப் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறது.

வலக்கையில் சால்டரிங் அயர்ன்.
இடக்கையில் போர்டு.
ஈயக்கம்பிக்கு மிச்சமிருந்தது வாய்தான்.
கடைவாய்ப் பல்லில் கடித்துக்கொண்டு
தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி
ஒவ்வொரு புள்ளியாக ஊட்டினேன்,
குஞ்சுக்கு இரை தரும் கடற்காகம் மாதிரி.

"ஈயம் உள்ளே போனால் மூளைக்கு ஆகாது, ஹால்ஷ்கா"
என்றான் அடுத்த கிரேனில் இருக்கும் போஷிதார்.
வாக்கி டாக்கியில் சொன்னான்;
துறைமுகமே கேட்டது.

முதலில் வாங்கியது
முதலைக் கிளிப் இரண்டு மாட்டிய மலிவுத் தாங்கி.
அயர்ன் நெருங்கியதும் குடிகாரனைப் போல் தலையாட்டியது.
எல்லாவற்றுக்கும் சரி என்பதை நம்பி
எப்படிச் சூடு வைப்பது?
அடுத்தது, அடியில் ரப்பர் உறிஞ்சி வைத்தது.
மூன்று நாள் மேசையைக் கவ்விக்கொண்டிருந்தது.
நாலாம் நாள் இரவு இரண்டு மணிக்கு
யாரும் தொடாமலே
ப்ளக் என்று விட்டுவிட்டது.
விழுந்ததில் ஒரு காயிலின் கம்பி அறுந்தது.
கீழ்வீட்டில் விளக்கு எரிந்தது.

சனிக்கிழமை இக்னாட்ஸி கடைக்குப் போனேன்.
கவுண்டரில் நாலு வைஸ் எடுத்து வைத்தார்.
எடை சொன்னார், தாடை அகலம் சொன்னார்,
எது எந்த ஊர்ச் சரக்கு என்று
தெரிந்தும் தெரியாமலும் சொன்னார்.
நான் சாப்பாட்டுப் பையைத் திறந்து
எள் தூவிய மொறுமொறு ரொட்டித் தகடுகளை எடுத்தேன்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு.
பெட்டியின் நாலு மூலையிலும் பூட்டு விழ வேண்டும்.
பச்சை விளக்கு வரும்வரை
ஒரு விரற்கடைகூட உயர்த்தக் கூடாது.
அவசரக்காரர்களை இரண்டே வாரத்தில்
கீழே இறக்கிவிடுவார்கள்.

முதல் வைஸ் வார்ப்பிரும்பு, மூன்று கிலோ.
கால் திருப்புதான். ரொட்டி பொடி.
இரண்டாவதற்கு அலுமினியத் தாடை;
பிடி நன்றாகத்தான் இருந்தது,
ஆனால் தொட்டதும் விரல் சில்லிட்டது.
அயர்ன் தரும் சூட்டையெல்லாம் இதுவே குடித்துவிடும்,
ஈயம் பாதி உருகி முறைத்துக்கொண்டு நிற்கும்.
மூன்றாவது பிளாஸ்டிக்.
முந்நூற்றைம்பது டிகிரிக்குப் பக்கத்தில்
அதைக் கொண்டுபோய் வைப்பது பாவம்.
கவுண்டரெல்லாம் துகள்.
இக்னாட்ஸி துடைத்தார். மறுபடி துடைத்தார்.
"அம்மணி, வைஸ் உங்களுக்கா, புறாக்களுக்கா?"

நாலாவது குட்டையாக, அவலட்சணமாக இருந்தது.
ஒரு தாடை அசையாது, மற்றதன் பின்னால் ஸ்பிரிங்.
சூடு தாங்கும் ரப்பர், அதில் மயிரிழைப் பள்ளம்.
கடைசி ரொட்டியை விளிம்பில் பொருத்தினேன்.
கையை எடுத்தேன்.
குமிழைத் தளர்த்தித் தலைகீழாகக் கவிழ்த்தேன்.
ரொட்டி அப்படியே இருந்தது,
ஓர் எள்ளும் உதிரவில்லை.
இருவருக்கும் சிறிது நேரம் பேச்சு வரவில்லை.
பிடித்திருக்கிறது, என்றேன்.
ரொட்டியையா, எனக்கா
என்று அவர் கேட்கவில்லை.
நூற்றுப் பத்தொன்பது ஸ்லோட்டி.
பேரம் பேசினேன்; துகளைக் காட்டினார்;
கொடுத்துவிட்டேன்.

இன்றிரவு போர்டைக் கவிழ்த்தேன்.
ரெசிஸ்டர்கள் வௌவால்கள் மாதிரித் தொங்கின, விழவில்லை.
வலக்கையில் அயர்ன், இடக்கையில் ஈயம்.
புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பளபளத்தன.
வாய்தான் சும்மா இருந்தது.

முதலில் ரெசிஸ்டர் நிறங்களைப் படித்தது:
மஞ்சள், ஊதா, ஆரஞ்சு.
பிறகு போஷிதாரைத் திட்டியது.
பிறகு, பதினோரு வருடமாக
இந்தச் சமையலறையில் யாரிடமும் சொல்லாத ஒன்றை,
நாற்பது மீட்டர் உயரத்தில் காற்று அடிக்கும்போது
எனக்கு இன்னும் பயம் என்பதை,
அந்தக் குட்டை வைஸிடம் சொல்லிவிட்டது.

அது போர்டை விடவில்லை.
இன்னும் பதினேழு புள்ளி பாக்கி.