இடப்பக்கம் ஒரு பசு

வின்ஸ்கோடன் நகர நூலகம், மேல்மாடி.
நாற்பது நாற்காலி, பாதி காலி.
நவம்பர் மழை வெளியே
சைக்கிள்களைக் கழுவிக்கொண்டிருந்தது.

நிறுவனம் முன்தினமே எனக்கு அனுப்பியிருந்தது
சொல்லக்கூடாத சொற்களின் பட்டியல்.
ஆய்வகம் கூடாது. செயற்கை கூடவே கூடாது.
உயிரணு என்று சொல்லலாம், ஆனால் மெதுவாக.
'வளர்த்தெடுத்த இறைச்சி' என்பதே உத்தமம்.
நான் சைகைமொழி பெயர்ப்பவள்.
என் கைகளுக்குப் பட்டியல் எதுவும் பொருந்துவதில்லை.

இறைச்சி என்றால்
கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உள்ள சதையைக்
கிள்ளிப் பிடிக்க வேண்டும்.
என் சதையை.
வளர்வது என்றால் ஒரு கைக்குள்ளிருந்து
மறுகை முளைத்து வர வேண்டும்.
இரண்டையும் சேர்த்துக் காட்டினேன்.
முன்வரிசையில் ஹார்ம்ட் ஃபெங்கர் குலுங்கிச் சிரித்தார்.
"கையில் கட்டி வந்தாற்போல் இருக்கிறது" என்றன
அவர் விரல்கள்.

முப்பத்தொரு வருடம் இறைச்சிக்கூடத்தில்
எலும்பு நீக்கியவர் அவர்.
அந்த இரைச்சலுக்கு மற்றவர்கள்
காதில் பஞ்சு அடைத்துக்கொண்டார்கள்.
இவருக்குப் பஞ்சு மிச்சம்.

முனைவர் யோரிட் பேசினார்.
நல்ல மனிதர், எதையும் ஒளிக்கத் தெரியாத முகம்.
"ஒரு பசுவிடமிருந்து எள்ளளவு திசு, அவ்வளவுதான்.
அதற்கு ஊறு எதுவுமில்லை."

எங்கள் மொழியில் ஒரு வழக்கம் உண்டு.
யாரைப் பற்றிப் பேசினாலும்
முதலில் காற்றில் அவருக்கு ஓர் இடம் தர வேண்டும்.
அப்புறம் அந்த இடத்தைச் சுட்டினால் போதும்,
அவர் அங்கே இருப்பார்.
நெற்றியோரம் கொம்பு காட்டி
பசுவை என் இடப்பக்கம் நிறுத்தினேன்.
உலோகக் கலனை வலப்பக்கம் வைத்தேன்.

அதன்பின் எல்லாமே வலப்பக்கம்.
வெப்பநிலை, சர்க்கரை, அமினோ அமிலம்,
மிச்சமாகும் நிலம், மிச்சமாகும் நீர்,
திரையில் ஏறிக்கொண்டே போன பச்சைக் கோடு.
என் வலத்தோள் வலித்தது.
ஒரு பெண் விலை கேட்டாள்.
பால்பண்ணைக்காரர் ஒருவர் எழுந்து
தன் வங்கிக் கடனைச் சொல்லிவிட்டு
கேள்வி கேட்காமலே உட்கார்ந்தார்.

ஹார்ம்ட் கை தூக்கினார்.
அவர் விரல் யோரிட்டைக் காட்டவில்லை,
திரையைக் காட்டவில்லை.
என் இடப்பக்கத்து வெறுங்காற்றைக் காட்டியது.
நான் குரல் கொடுத்தேன்:
"இவள் இன்னும் இங்கேயேதான் நிற்கிறாள்.
அரைமணி நேரமாக.
இவளை என்ன செய்வதாக உத்தேசம்?"

யோரிட் திரும்பிப் பார்த்தார்.
அங்கே ஒன்றுமில்லை. ஆனாலும் பார்த்தார்.
"விசாரித்துச் சொல்கிறேன்" என்றார்.
அதை நான் ஹார்ம்டுக்குச் சொல்லாமல்
பசுவுக்கே பெயர்த்துவிட்டேன், தவறுதலாக.

கடைசி வரிசையில் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்
கையைப் பாதி உயர்த்தினாள்.
"ஆன்லோ பக்கம் மேய்கிறது. பத்தொன்பதாம் எண்.
போன வாரம் கன்று போட்டது."
யாரும் கைதட்டவில்லை.
கடன்காரப் பண்ணைக்காரர்தான் கேட்டார்,
"கிடாரியா, காளையா?"
கிடாரி.

பல்குத்தியில் செருகிய துண்டுகள் வந்தன.
ஹார்ம்ட் வெகுநேரம் மென்றார்.
எப்படி என்று கேட்டேன்.
உப்பு, என்றார்.

நாற்காலிகளை அடுக்க வந்த பையன்
இடப்பக்கம் நேராக நடந்துபோனான்.
கோட்டை எடுக்கப் போன ஹார்ம்ட் மட்டும்
சுற்றிக்கொண்டு போனார்,
போகிற போக்கில்
முதுகு இருக்கவேண்டிய உயரத்தில்
ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டு.