கீழே போய் வந்த இடுக்கி

ஏற்காட்டுத் தண்ணீர் அவசரக்காரி.
நூறைத் தொடும் முன்பே கொதித்துவிடுவாள்.
"சட்டியில போட்டு வேகவச்சா ஆகாதா?"
காப்பித் தோட்டத்துச் சவரிமுத்து கேட்கிறார்,
வீங்கிய கன்னத்தை உள்ளங்கையில் ஏந்தி.
ஆகாது.

ஆட்டோகிளேவின் ரப்பர் வளையம்
நேற்றிரவே பிளந்துவிட்டது.
பல்பிடுங்கும் இடுக்கியின் மூட்டைத் திறந்து தேய்த்தேன்,
முந்தைய வாயின் ரத்தம்
நுரையோடு போகும்வரை.
துடைத்து, உறையிட்டு, டேப் ஒட்டி
டிபன் பையில் வைத்துப்
பத்தேகால் பஸ் பிடித்தேன்.

இருபது கொண்டை ஊசி.
ஒவ்வொன்றிலும் மடியில் எஃகு
இடம் மாறி உட்கார்ந்தது.
பக்கத்து சீட்டம்மா "பாத்திரமா?" என்றாள்.
தலையாட்டி வைத்தேன்.

சேலத்தில், தெரிந்த ஆஸ்பத்திரியின் பின்கட்டில்,
நூற்றிருபத்தொரு டிகிரி, முப்பது நிமிடம்.
வெளிறிய டேப்பில் கறுப்பு வரிகள்,
உள்ளே யாரோ உட்கார்ந்து
கையெழுத்துப் போட்டதுபோல்.

ஏறும்போது வளைவுகளை எண்ணவில்லை.
உறை கிழிந்ததா, நனைந்ததா,
அதே கவலை. வெளியே மூடுபனி வேறு.

சவரிமுத்து அதே பெஞ்சில்.
டாக்டர் உறையைப் பிரித்தார்.
"இத்துனூண்டு சாமானுக்கா இவ்வளவு நேரம்?" என்றார்,
பிறகு
வாயைத் திறந்தார்.