இடப்பக்கம் மூன்று டெசிபல்

பாரோன் குன்றேறும் லிஃப்ட்
முனகி முனகி மேலே போய்ச் சேரும்வரை
கை கட்டிக் காத்திருக்கிறேன்.
வால்பராய்சோவில் இந்த வாடகைக்கு
சத்தம் புகாத சுவர் கிடைக்காது.

ஒன்பதாவது ரீல். படகில் ஒரே ஒருவன்.
வலையை இழுக்காமல் உட்கார்ந்திருக்கிறான்.
அவன் தலைக்கு மேல்
ஒரு கடற்காக்கை வட்டமிட வேண்டும்.
படத்தில் அது இல்லை.
பதினோரு ஸ்பீக்கர்களுக்கு நடுவே
ஒலியாக மட்டும் பறக்க வேண்டும்.

குரலை கின்தேரோ பாறைகளில் பிடித்தோம்,
ஒற்றை மைக்கில், உறைபனி விடியலில்.
முன் பின் இல்லாத கத்தல் அது,
டப்பாவில் அடைத்த மீன் மாதிரி.
பறக்க வைப்பது என் பாடு.

ஆட்டோமேஷனை ‘எழுது’ என்று வைத்தேன்.
சிவப்பு எரிந்தது.
வலக்கை ஜாய்ஸ்டிக்கில், இடக்கை ஃபேடரில்.
வலமுன், உச்சி, இடப்பின்,
காற்றில் ஒரு தயங்கல்,
சரிவு, மறுபடி உச்சி.
கை போன போக்கிலெல்லாம்
மென்பொருள் புள்ளி வைத்துக்கொண்டே வந்தது,
நடுவில் நான் இருமியதையும் சேர்த்து.

பின்னோக்கி ஓட்டி, கையை மடியில் வைத்துக்கொண்டு,
‘வாசி’ என்றேன்.
ஃபேடர் தானாக ஏறி இறங்கியது.
இரண்டு நிமிடத்துக்கு முந்தைய என்னை
என் எதிரிலேயே நடித்துக் காட்டியது.

ரொசௌரா எம்பனாதா பொட்டலத்தோடு வந்தாள்,
நின்றபடியே கேட்டாள்,
வாயில் மாவோடு சொன்னாள்:
“இந்தப் பறவைக்கு இடப்பக்கம்
சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா?”

திரையைப் பெரிதாக்கினேன்.
வலப்புறம் சீராக ஓடிய கோடு
இடப்புறம் வரும்போதெல்லாம் மேடேறியிருந்தது.
நான்கு வட்டத்திலும்.
மூன்று டெசிபல், முன்னே பின்னே.
எட்டாம் ரீலைத் திறந்தேன்: மழை. மேடு.
ஐந்தாம் ரீல்: சமையலறை ரேடியோ. மேடு.
மார்ச்சில் முடித்த சோப்பு விளம்பரம்,
முப்பதே வினாடி,
அதில்கூட.

வலக்காது தலையணையில் அழுந்தப் படுத்தால்
எதிர்வீட்டு நாய்
மூன்று தெரு தள்ளிப் போய்விடும்.
நல்ல தூக்கம் என்று நினைத்திருந்தேன்.

கை மட்டும் தெரிந்து வைத்திருக்கிறது.
கேட்கும்வரை தள்ளியிருக்கிறது.
தள்ளியதையெல்லாம் இது
ஒரு கேள்வியும் கேட்காமல்
குறித்து வைத்திருக்கிறது.

ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன்,
இடதை வலதில்.
மண்டைக்குள் இறங்கிக் கத்தியது பறவை.
அடப்பாவி, இவ்வளவா!
எத்தனை கொட்டகையில் எத்தனை பேர்
இடப்பக்கமாக முகம் சுளித்தார்களோ.

ரொசௌரா மெல்லுவதை நிறுத்தியிருந்தாள்.
எதுவும் கேட்கவில்லை.
விரலைக் காகிதத்தில் துடைத்துவிட்டு
“புள்ளிகளைக் குறைத்து நேராக்கிவிடலாம்,
ஒரே சொடுக்கு” என்றாள்.
சொடுக்கினோம்.
மின்விசிறி சுற்றுவதுபோல் சுற்றியது பறவை.
பசியில்லை, காற்றில்லை.
பழையபடி மாற்றினேன்.

‘தொடு’ என்று ஒரு முறை உண்டு:
தொட்டிருக்கும்வரை புதிதாக எழுதும்,
விட்டால் பழையதையே வாசிக்கும்.
அவளை இடப்பக்க நாற்காலியில் உட்காரவைத்தேன்.
அதிகமானால் விரலைத் தூக்கு, அவ்வளவுதான்.

பறவை இடம் திரும்பும்போதெல்லாம்
அவள் சுட்டுவிரலைப் பார்த்து
ஃபேடரைக் கீழே இழுத்தேன்.
எனக்கு அது தேய்ந்து
எங்கோ கடல்மேல் போய்விட்டது.
விரல் இன்னும் நின்றது. இன்னும் இழுத்தேன்.
இல்லாத ஒன்றை இறக்குவதுபோல் இருந்தது.

நான்காவது வட்டத்தில் விரல் எழவில்லை.
படகுக்காரன் அண்ணாந்தான்.
அந்த இடத்தில் அவன் எப்போதும் அண்ணாந்தவன்தான்.
“வந்துவிட்டது” என்றாள் ரொசௌரா.
நான் அவள் முகத்தில் கேட்டேன்.

புதியதைச் சேமித்தேன்.
பழைய கோட்டை அழிக்கவில்லை,
வேறு பெயரில் இருக்கிறது.
வியாழன் காது டாக்டரிடம் போகும்போது
அச்செடுத்துப் போகிறேன்.
அவர் கருவி வரையும் கோட்டுக்குப் பக்கத்தில்
இதையும் வைத்துப் பார்க்கட்டும்.